கார் நிறுத்த இடமில்லை என்ற முறைப்பாட்டுக்குள் என்ன இருக்கிறது? ஸ்காபரோ கடைத்தொகுதிகளின் நாற்பது ஆண்டுகள்

ஸ்காபரோவின் பெயரைக் கேள்விப்படாத குடும்பம் வடக்கிலும் கிழக்கிலும் அநேகமாக இல்லை. 1983 ஜூலைக்குப் பின்னர் நாட்டை விட்டு வெளியேறியவர்களில் பெருந்தொகையானோர் கனடாவின் ரொறன்ரோவில்தான் போய்ச் சேர்ந்தார்கள். முதலில் நகர மையத்தின் வாடகை அடுக்குமாடிகளில் இருந்தார்கள். பிள்ளைகள் வளர்ந்து, கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் கிழக்கே ஸ்காபரோவுக்கும் அதற்கு வடக்கே மார்க்கத்துக்கும் நகர்ந்தார்கள். அங்கே அவர்கள் சந்திக்கும் இடம் சந்தையோ கோயில் வீதியோ அல்ல, 'பிளாசா'. ஒரே வரிசையில் மரக்கறிக் கடை, நகைக்கடை, கொத்துரொட்டிக் கடை, காப்புறுதி முகவர், சட்டத்தரணி அலுவலகம் என்று இருக்கும். அவற்றுக்கு முன்னால் கார்கள் நிற்கும் பெரிய தார் வெளி.

இந்தக் கட்டுரை அந்தத் தார் வெளியைப் பற்றியது. புறநகர்க் கடைத்தொகுதி ஒன்று புதிதாக வரும்போதும் இருப்பது விரிவடையும்போதும் முதலில் எழும் கேள்வி, கார்களை எங்கே நிறுத்துவது என்பதுதான். அது வெறும் பொறியியல் கணக்கு போலத் தோன்றும். யார் கடை திறக்கலாம், யார் வெளியேற வேண்டும், கார் இல்லாதவர் எப்படி வந்து போவது என்பவற்றையும் அந்தக் கணக்கே பல தடவை தீர்மானித்திருக்கிறது. ரொறன்ரோவின் புறநகர்களில் இது எப்படி நடந்தது என்பதை விளங்கிக்கொண்டால், எமது ஊர்களில் நாளை எழப்போகும் விவாதங்களையும் சற்றுத் தெளிவாகப் பார்க்க முடியும்.

1984: டிராகன் சென்டர்

ஸ்காபரோ அப்போது தனி மாநகரம். ரொறன்ரோவுடன் அது இணைக்கப்பட்டது 1998இல்தான். ஸ்காபரோவின் அஜின்கோர்ட் பகுதியில், முன்பு சறுக்குச் சப்பாத்து விளையாட்டரங்காக இருந்த ஒரு கட்டடத்தில், 1984ஆம் ஆண்டு 'டிராகன் சென்டர்' என்ற சீனக் கடைத்தொகுதி திறக்கப்பட்டது. ரொறன்ரோவின் புறநகரில் உருவான முதல் உள்ளரங்கச் சீனக் கடைத்தொகுதியாக இன்று அது நினைவுகூரப்படுகிறது. ஹொங்கொங்கிலிருந்து வந்து குடியேறிய மக்கள் நகர மையத்தின் சைனா டவுனுக்குப் போகாமல், வீட்டுக்கு அருகிலேயே சாப்பிடவும் சாமான் வாங்கவும் அது வசதி செய்தது.

கூட்டம் எதிர்பார்த்ததை விட அதிகமாக வந்தது. தரிப்பிடம் நிரம்பியதும் கார்கள் பக்கத்து வீதிகளில் நின்றன. அயலவர்கள் முறைப்பாடு செய்தார்கள். அந்த முறைப்பாட்டில் உண்மை இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. வீட்டு வாசலில் யாரோ ஒருவரின் கார் நாள் முழுக்க நின்றால் எவருக்கும் கோபம் வரும்.

ஆனால் 1984 மே மாதம் இது தொடர்பாக நடந்த பொதுக்கூட்டம் தரிப்பிடத்தோடு நிற்கவில்லை. பேச்சு சீனர்களின் வருகையை நோக்கித் திரும்பியது. சீனக் குடியேறிகளுக்கு எதிரான துண்டுப்பிரசுரங்களும் பரவின. நிலைமை மோசமாகி, அப்போதைய ஸ்காபரோ மேயர் கஸ் ஹாரிஸ் இன உறவுகளையும் பல்பண்பாட்டையும் ஆராய ஒரு செயலணியை அமைக்கும் அளவுக்குப் போனது. ஒரு கடைத்தொகுதியின் கார் தரிப்பிடத்தைப் பற்றித் தொடங்கிய விவாதம், இன உறவுச் செயலணியில் போய் நின்றது.

கறுப்பு ஜூலை நடந்து ஓராண்டுகூட ஆகாத காலம் அது. தமிழர்கள் அந்த நகருக்கு வந்து சேரத் தொடங்கியிருந்தார்கள். பின்னாளில் தமிழ்க் கடைகள் ஸ்காபரோவின் பிளாசாக்களில் திறக்கப்பட்டபோது, 'வெளியாரின் கடைகள்' என்ற விவாதம் ஏற்கெனவே ஒரு சுற்று நடந்து முடிந்திருந்தது. அந்த அடியைச் சீனக் குடியேறிகள் முதலில் வாங்கியிருந்தார்கள்.

கணக்கு எங்கிருந்து வந்தது?

வட அமெரிக்காவின் கடைத்தொகுதி வடிவத்தை உருவாக்கியவர் என்று சொல்லப்படும் விக்டர் குரூனும் ஓர் அகதிதான். வியன்னாவைச் சேர்ந்த யூதரான அவர், 1938இல் ஒஸ்திரியாவை நாஜிகள் கைப்பற்றியபோது அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்றார். அவர் வடிவமைத்த சவுத்டேல் கடைத்தொகுதி 1956இல் மினசோட்டா மாநிலத்தின் ஈடைனா நகரில் திறக்கப்பட்டது. முழுமையாக மூடப்பட்டு, வெப்பநிலை கட்டுப்படுத்தப்பட்ட முதலாவது பெரிய புறநகர்க் கடைத்தொகுதி அது. அதைச் சுற்றி 5,200 கார்கள் நிற்க இடம் இருந்தது.

குரூன் நினைத்தது வேறு. கடைகளோடு வீடுகளும் பாடசாலையும் பூங்காவும் மருத்துவ வசதியும் சேர்ந்த ஒரு புதிய நகர மையம் உருவாகும், தான் இழந்த வியன்னாவின் தெருக்களைப் போல மக்கள் அங்கே நடந்து திரிவார்கள் என்று அவர் கனவு கண்டார். கடையும் கார் தரிப்பிடமும் மட்டும் கட்டப்பட்டன. மற்றவை வரவில்லை. தன் பெயரால் பரவிய அந்தக் கடைத்தொகுதிகளை அவரே கடைசிக் காலத்தில் கடுமையாகக் கண்டித்தார்.

அந்த வடிவத்தோடு ஒரு சூத்திரமும் பரவியது. அமெரிக்காவின் அர்பன் லாண்ட் இன்ஸ்டிடியூட் என்ற நிறுவனம் 1965இல், வாடகைக்கு விடக்கூடிய ஒவ்வொரு 1,000 சதுர அடிக் கடைப் பரப்புக்கும் 5.5 கார் இடங்கள் தேவை என்று பரிந்துரைத்தது. 1982இல் அது கடைத்தொகுதியின் அளவைப் பொறுத்து 4 முதல் 5 வரை என்று குறைக்கப்பட்டது. வட அமெரிக்க நகரசபைகள் பலவற்றின் ஒழுங்குவிதிகளில் இதையொத்த எண்கள் சட்டமாக உட்கார்ந்துகொண்டன.

இந்த எண் என்ன சொல்கிறது என்பதை எமது காணிக் கணக்கில் பார்க்கலாம். ஒரு கார் நிற்கவும், அது உள்ளே வந்து திரும்பிப் போகும் வழிக்கும் சேர்த்து ஏறத்தாழ 300 முதல் 350 சதுர அடி வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஒரு பரப்பு என்பது 10 பேர்ச், அதாவது சுமார் 2,722 சதுர அடி. ஆக, ஒரு பரப்புக் காணியில் எட்டுக் கார்கள்தான் நிற்கும். ஒரு லட்சம் சதுர அடிக் கடைத்தொகுதிக்கு, ஆயிரத்துக்கு ஐந்து என்ற கணக்கில், 500 கார் இடங்கள் வேண்டும். கடைகளை ஒரே மாடியில் கட்டினால் 37 பரப்புப் போதும். கார்களுக்கோ 60 பரப்பு வேண்டும். கடையை விடக் காரின் நிலமே பெரிது.

இன்னொரு விடயமும் உண்டு. 1982ஆம் ஆண்டுப் பரிந்துரை, ஆண்டின் மிகக் கூட்டமான இருபதாவது மணித்தியாலத்தை அளவாக எடுத்துக்கொண்டது. அதாவது நத்தார் காலத்துச் சனிக்கிழமை பின்னேரம் போன்ற ஒரு நேரத்துக்கு ஏற்றபடி தரிப்பிடம் கட்டப்படும். ஆண்டின் மற்றைய ஆயிரக்கணக்கான மணித்தியாலங்களில் அதில் பெரும்பகுதி வெறுமையாகக் கிடக்கும்.

அந்த வெறுமைக்கும் யாரோ பணம் கொடுக்கிறார்கள். கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் 2005இல் வெளியிட்ட நூலில் விளக்கியது இதைத்தான். இலவசத் தரிப்பிடம் என்று ஒன்று இல்லை. அதன் செலவு கடை வாடகையில் ஏறும், வாடகை சாமானின் விலையில் ஏறும். பஸ்ஸில் வந்து ஒரு பை அரிசி வாங்கிப் போகிறவரும், காரில் வந்தவர் நிறுத்திய இடத்துக்குச் சேர்த்தே காசு கட்டுகிறார்.

சின்னக் கடைகள் வந்தபோது

மேலே சொன்ன சூத்திரம் ஒரு குறிப்பிட்ட வகைக் கடைத்தொகுதிக்காக எழுதப்பட்டது. பெரிய துணிக்கடைகள் இரண்டு மூன்று, நடுவே சங்கிலிக் கடைகள், எல்லாவற்றுக்கும் ஒரே உரிமையாளர், எல்லாக் கடைகளும் ஒரே நேரத்தில் திறந்து ஒரே நேரத்தில் பூட்டும் என்ற அமைப்புக்கானது அது.

குடியேறிகள் உருவாக்கிய கடைத்தொகுதிகள் அப்படி இருக்கவில்லை. 1990களில் மார்க்கம், ரிச்மண்ட் ஹில் ஆகிய நகரங்களில் எழுந்த ஆசியக் கடைத்தொகுதிகள் பல, கூட்டாதன முறையில் கட்டப்பட்டன. எமது நாட்டில் தொடர்மாடி வீட்டை உறுதி எழுதி வாங்குவது போல, அங்கே கடை அறையைத் தனித்தனியாக வாங்கலாம். சில நூறு சதுர அடி கொண்ட சிறு அறைகள். வங்கியில் பழைய கணக்கு வரலாறு இல்லாத, கையில் சேமிப்பு மட்டும் உள்ள ஒரு புதிய குடியேறிக்கு, வாடகைக்காரனாக இருப்பதை விட அந்தச் சிறு அறைக்குச் சொந்தக்காரனாக இருப்பது பாதுகாப்பு. யாரும் எழுப்பி விட முடியாது.

ஆனால் ஒரே பரப்பளவில் கடைகளின் தொகை கூடினால் முதலாளிகளும் வேலையாட்களும் வாடிக்கையாளரும் கூடுவார்கள். சாப்பாட்டுக் கடைகளும் அதிகம். சனி, ஞாயிறுகளில் குடும்பம் குடும்பமாக வந்து மணித்தியாலக் கணக்கில் இருப்பார்கள். பழைய சூத்திரத்தின்படி போதுமாக இருந்த தரிப்பிடம் இங்கே போதாமல் போனது. இது உண்மையான திட்டமிடல் பிரச்சினை. அதற்குத் தீர்வுகளும் இருந்தன: நேரத்தைப் பிரித்துப் பயன்படுத்துவது, அயல் கட்டடங்களின் இடத்தைப் பகிர்வது, பஸ் சேவையைக் கூட்டுவது.

ரிச்மண்ட் ஹில்லில் 1990களின் நடுப்பகுதியில் இத்தகைய கடைத்தொகுதிகளுக்கு எதிராகக் கடும் எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்கள் பேசியது பெரும்பாலும் போக்குவரத்து நெரிசலையும் தரிப்பிடத்தையும் பற்றித்தான். புவியியல் ஆய்வாளர்களான வலரி பிரெஸ்டன், லூசியா லோ ஆகியோர் இந்த மோதலை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டு கனடியப் புவியியல் சஞ்சிகையில் எழுதினார்கள். நிலப் பயன்பாடு பற்றிய விவாதமாகத் தோன்றும் ஒன்றுக்குள் இனமும் குடியேற்றமும் எப்படிக் கலந்திருக்கின்றன என்பதற்கு அது இன்றும் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

மார்க்கத்தில் அந்த மறைப்பும் விலகியது. 1995இல் அந்நகரின் பிரதி மேயர் கரோல் பெல், சீனர்கள் ஒரே இடத்தில் செறிவாகக் குடியேறுவது முரண்பாட்டை உருவாக்குகிறது என்றும், நீண்டகால வாசிகள் நகரை விட்டு வெளியேறுகிறார்கள் என்றும் பகிரங்கமாகப் பேசினார். சீன சமூகத்தவர்கள் அமைப்பாகத் திரண்டு எதிர்த்தார்கள். சுற்றுவட்டார மேயர்கள் பலர் சேர்ந்து அந்தக் கருத்திலிருந்து தம்மை விலக்கிக்கொண்டு அறிக்கை விட்டார்கள்.

அதே 1995இல், ரொறன்ரோவை ஒட்டிய ஈஸ்ட் யோர்க்கில் கைத்தொழிற் கட்டடம் ஒன்றைப் பள்ளிவாசலாக மாற்ற விண்ணப்பித்த முஸ்லிம்களுக்கு முதலில் அனுமதி மறுக்கப்பட்டது. சொல்லப்பட்ட காரணம், கார் தரிப்பிடம் போதாது என்பது. கடைக்கானாலும் வழிபாட்டிடத்துக்கானாலும், சட்டப்புத்தகத்தில் உள்ள அதே எண் ஒருவருக்குத் தளர்த்தப்படுகிறது, இன்னொருவருக்கு இறுக்கப்படுகிறது. யாருக்குத் தளர்கிறது, யாருக்கு இறுகுகிறது என்பதில்தான் அரசியல் இருக்கிறது.

விரிவாக்கம்: அருகருகே இரண்டு கதைகள்

மார்க்கத்தின் தெற்கு எல்லையில், ஸ்டீல்ஸ் வீதியைக் கடந்தால் ஸ்காபரோ. அந்த எல்லையில் 1997இல் திறக்கப்பட்டது பசிபிக் மால். நானூறுக்கும் மேற்பட்ட சிறு கடைகள், கூட்டாதன முறை. பசிபிக் மாலை ஒட்டி, அதற்கு முன்னரே இயங்கி வந்தது மார்க்கெட் வில்லேஜ் என்ற கடைத்தொகுதி. அங்கும் ஆசியக் கடைகளும் உணவகங்களும் நிறைந்திருந்தன. ஆனால் அங்கே கடைக்காரர்கள் வாடகைக்கு இருந்தவர்கள். நிலமும் கட்டடமும் ஒரே நிறுவனத்துக்குச் சொந்தம்.

அந்த நிறுவனம் மார்க்கெட் வில்லேஜை இடித்து, அதைப் போலப் பல மடங்கு பெரிய கடைத்தொகுதி ஒன்றை நிலக்கீழ்த் தரிப்பிடங்களோடு கட்டத் திட்டமிட்டது. 2018இல் மார்க்கெட் வில்லேஜ் மூடப்பட்டது. வாடகைக்காரர்கள் ஆளுக்கொரு திசையில் போனார்கள். கட்டடம் இடிக்கப்பட்டது. பல ஆண்டுகள் கழிந்தும் அந்தப் புதிய தொகுதி எழவில்லை. நிலம் வெறுமையாகக் கிடந்தது. பக்கத்தில் பசிபிக் மாலின் சிறு உரிமையாளர்கள் தம் அறைகளில் வியாபாரம் செய்துகொண்டே இருந்தார்கள்.

புறநகர்க் கடைத்தொகுதியின் விரிவாக்கத்தில் கவனிக்க வேண்டியது இங்கே தெரிகிறது. பழைய கட்டடத்தைச் சுற்றியுள்ள தார் வெளிதான் விரிவாக்கத்துக்கான நிலம். அதில் கட்டினால் இருந்த தரிப்பிடம் போய்விடும். புதிய கடைகளுக்கோ இன்னும் அதிக தரிப்பிடம் வேண்டும். ஆகவே கார்கள் நிலத்தின் கீழோ மாடிகளிலோ போக வேண்டும். தார் வெளியில் ஓர் இடம் போடுவதற்கும் நிலத்தின் கீழ் ஓர் இடம் தோண்டுவதற்கும் செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். நிலக்கீழ் இடம் ஒன்றுக்குப் பல்லாயிரக்கணக்கான டொலர் ஆகும். அந்தச் செலவை மீட்கப் புதிய வாடகை உயரும். உயர்ந்த வாடகையைப் பழைய சின்னக் கடைக்காரர் கொடுக்க முடியாது. வேலை முடியும் வரை பொறுத்திருக்கவும் அவரால் முடியாது. இரண்டு மாதம் கடை பூட்டினாலே அவரது வாடிக்கையாளர் வேறிடம் பழகிவிடுவார்கள்.

காணி உறுதியின் பெறுமதியை இடம்பெயர்ந்து வாழ்ந்த எவருக்கும் விளக்கத் தேவையில்லை. அந்த இரண்டு கடைத்தொகுதிகளுக்கும் வந்த மக்கள் ஒரே மக்கள், விற்ற பொருட்களும் ஏறத்தாழ ஒன்றே. உறுதி கையில் இருந்தவர் நின்றார், இல்லாதவர் எழும்பினார்.

கார் இல்லாதவர்கள்

ஸ்காபரோ ரவுண் சென்டர் 1973இல் திறக்கப்பட்ட பெரிய கடைத்தொகுதி. அதே ஆண்டில் அதன் பக்கத்தில் ஸ்காபரோ மாநகர மண்டபமும் திறக்கப்பட்டது. 1985இல் அந்த இடத்துக்கு ஓர் இலகு ரயில் பாதை வந்தது. ஸ்காபரோ மக்கள் அதை 'ஆர்.டி.' என்பார்கள். சுற்றுப்புற பஸ்களும் அங்கே வந்து சேர்ந்தன. கார் ஓட்டாத அம்மாமார், வேலைக்குப் போகும் இளையவர்கள், கல்லூரி மாணவர்கள் ஆகியோருக்கு அந்தக் கடைத்தொகுதி ஒரு சந்தியாகவும் ஆனது. பிள்ளைகளின் அனுசரணையில் கனடாவுக்குப் போன எமது முதியவர்கள் பலருக்கு, யாரையும் கேட்காமல் தனியே போய்வரக்கூடிய இடங்கள் குறைவு. குளிர்காலத்தில் சூடான உள்ளரங்கில் நாலு அடி நடக்கக்கூடிய இடமாக அது இருந்தது.

2023 ஜூலை 24ஆம் திகதி அந்த ரயிலின் கடைசிப் பெட்டி எல்ஸ்மியர் நிலையத்துக்கு அருகே தடம் புரண்டது. சிலருக்குச் சிறு காயம். அந்தப் பாதை ஏற்கெனவே அந்த ஆண்டின் பிற்பகுதியில் மூடப்பட இருந்தது. விபத்துக்குப் பின்னர் அது திரும்பத் திறக்கப்படவே இல்லை. அதற்குப் பதிலாக நிலக்கீழ் ரயில் பாதை 7.8 கிலோமீற்றர் நீளத்துக்கு நீட்டப்படுகிறது. அது முடியும் வரை மக்கள் பஸ்களில் போய்வர வேண்டியிருக்கிறது.

தரிப்பிடக் கணக்கில் இந்த மக்கள் எங்கேயும் வருவதில்லை. எத்தனை கார் வரும் என்று எண்ணுவார்கள். எத்தனை பேர் பஸ்ஸில் வருவார்கள், தார் வெளியின் விளிம்பில் இறங்கிக் கடை வாசல் வரை பனியில் எவ்வளவு தூரம் நடப்பார்கள் என்று எண்ணுவது குறைவு. வாசலை ஒட்டிய இடம் கார்களுக்கும், தூரத்து ஓரம் பஸ் தரிப்பிடத்துக்கும் என்பது பெரும்பாலான புறநகர்க் கடைத்தொகுதிகளின் வழமை.

விதி மாறுகிறது

2021 டிசெம்பரில் ரொறன்ரோ மாநகரசபை ஒரு முக்கியமான முடிவை எடுத்தது. பெரும்பாலான புதிய கட்டடங்களுக்கு இத்தனை கார் இடம் கட்டாயம் இருக்க வேண்டும் என்ற குறைந்தபட்ச விதியை நீக்கியது. 2022 பெப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. பல இடங்களில் இனி உச்சவரம்புதான் இருக்கும். மாற்றுத்திறனாளிகளுக்கான இடங்களும் சைக்கிள் தரிப்பிடங்களும் கட்டாயமாகவே தொடர்கின்றன.

நாற்பது ஆண்டுகளாகக் குடியேறிகளின் கடைகளுக்கு எதிராக எடுத்துக் காட்டப்பட்ட அந்த எண், ஒரே முடிவில் சட்டப்புத்தகத்திலிருந்து பெருமளவு போய்விட்டது. நல்ல செய்திதான். ஆனால் அந்த நன்மை யாருக்குப் போய்ச் சேர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

காருக்காக ஒதுக்கியிருந்த நிலம் இப்போது கட்டடம் எழுப்பக்கூடிய நிலம். ஸ்காபரோவின் எக்லிங்டன் வீதியில் 'கோல்டன் மைல்' என்று அழைக்கப்படும் பகுதியின் பழைய கடைத்தொகுதிகளையும் அவற்றின் தார் வெளிகளையும் உயர்ந்த குடியிருப்புக் கோபுரங்களாக மாற்றும் திட்டத்துக்கு மாநகரசபை 2020இல் ஒப்புதல் அளித்தது. வீட்டுத் தட்டுப்பாடு கடுமையான நகரில் வீடுகள் கட்டப்படுவது அவசியம். ஆனால் கோபுரத்தின் கீழ்த்தளக் கடைகளின் வாடகை, பழைய பிளாசாவின் வாடகை அல்ல. தமிழ், ஆப்கான், பிலிப்பைன், கரீபியன் சின்னக் கடைகள் அந்தப் பழைய பிளாசாக்களில் நிலைக்க முடிந்ததற்குக் காரணமே, அவை பழையவையாகவும் மலிவானவையாகவும் இருந்ததுதான். அன்று தரிப்பிடம் போதாது என்று எழுந்த ஆபத்து, இன்று தரிப்பிடம் அதிகம் என்று எழுகிறது. இரண்டு தடவையும் ஆபத்துக்கு முன்னால் நிற்பவர் அதே கடைக்காரர்.

இதற்கு நடுவே சிறிய முயற்சிகளும் நடந்தன. 2019 கோடைகாலத்தில் ஸ்காபரோவின் வெக்ஸ்பர்ட் ஹைட்ஸ் பிளாசாவில், கடைக்காரர்களோடு பேசி, சில கார் இடங்களை மட்டும் எடுத்துச் செடிகளும் இருக்கைகளும் கொண்ட பொது இடமாக மாற்றினார்கள். யாரையும் எழுப்பவில்லை, எதையும் இடிக்கவில்லை. சாப்பாட்டுக் கடையில் வாங்கியதை மக்கள் வெளியே இருந்து சாப்பிட்டார்கள். கார் இடத்தைக் குறைப்பதும் கடைக்காரரைக் காப்பாற்றுவதும் ஒன்றுக்கொன்று எதிரானவையாக இருக்கத் தேவையில்லை என்பதற்கு அது ஒரு சின்ன அத்தாட்சி.

எமக்கு என்ன?

இலங்கையிலும் இதே வகை எண்கள் சட்டத்தில் இருக்கின்றன. நகர அபிவிருத்தி அதிகாரசபை 2021இல் வர்த்தமானியில் வெளியிட்ட திட்டமிடல் ஒழுங்குவிதிகளும், கட்டடத்தின் பாவனைக்கும் பரப்புக்கும் ஏற்பத் தரிப்பிடம் கேட்கின்றன. போருக்குப் பின்னர் வடக்கு, கிழக்கு நகரங்களில் பெரிய கடைத்தொகுதிகள் வரத் தொடங்கிவிட்டன. இன்னும் வரும். அப்போது தரிப்பிடம் பற்றிய பேச்சும் கூடவே வரும்.

எமது நகரங்களுக்குக் கடைக்கு வருகிறவர்களில் பெரும்பகுதியினர் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் முச்சக்கர வண்டியிலும் பஸ்ஸிலும் வருகிறார்கள். கார்களை மட்டும் எண்ணும் ஒரு கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்தால், காரில் வரும் சிலருக்காக நகர மையத்தின் காணி பரப்புப் பரப்பாகப் போய்விடும். அதன் விலையைச் சைக்கிளில் வந்தவரும் சாமான் விலையில் கட்டுவார். ஒரு பெரிய கட்டடம் தன் தரிப்பிடத்தை உள்ளே வைக்க முடியும். வீதியோரத்தில் மரக்கறி, மீன், பழைய உடுப்பு விற்பவரால் முடியாது. நெரிசல் என்று சொன்னதும் முதலில் அகற்றப்படுபவர் அவராகத்தான் இருப்பார்.

ஒரு விடயத்தில் மட்டும் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை. போரில் கால்களை இழந்தவர்களும், முள்ளந்தண்டில் காயப்பட்டுச் சக்கர நாற்காலியில் இருப்பவர்களும், ஷெல் துண்டுகளை உடம்பில் சுமந்து நடப்பவர்களும் வாழும் மாவட்டங்கள் இவை. பொதுக் கட்டடங்களுக்கு மாற்றுத்திறனாளிகள் சென்று வரும் வசதி இருக்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் சொல்கின்றன. வாசலுக்கு அருகே அவர்களுக்கான தரிப்பிடமும், அங்கிருந்து தடையில்லாத சாய்தளமும் உரிமை. ரொறன்ரோ பெரும்பாலான குறைந்தபட்ச எண்களை நீக்கியபோதும் இதைத் தொட்டதில்லை என்பதை எமது நகரபிதாக்கள் கவனிக்க வேண்டும்.

எனவே, எமது ஊரில் அடுத்த தடவை ஒரு கடைத்தொகுதியின் வரைபடம் சபைக்கு வரும்போதோ, தரிப்பிடம் இல்லை என்று சொல்லி ஒரு சந்தையை இடம் மாற்றப் போகும்போதோ கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. இந்தத் தரிப்பிடக் கணக்கு யாரை எண்ணிப் போடப்பட்டது, அதில் பஸ்ஸிலும் சைக்கிளிலும் வருகிறவர்கள் இருக்கிறார்களா? இதே விதி பெரிய முதலாளிக்கும் சின்னக் கடைக்காரருக்கும் ஒரே மாதிரி இறுக்கப்படுகிறதா? வேலை நடக்கும் காலத்தில் பழைய கடைக்காரர்கள் எங்கே இருப்பார்கள், முடிந்த பின் திரும்பி வர எழுத்தில் உறுதி உண்டா? சக்கர நாற்காலியில் வருபவர் வாசல் வரை தனியாகப் போக முடியுமா?

இந்த நான்குக்கும் பதில் எழுத்தில் கிடைத்த பிறகு கார் இடங்களை எண்ணலாம். ஸ்காபரோவில் அந்தக் கேள்விகள் பெரும்பாலும் கடைகள் போன பின்னர்தான் கேட்கப்பட்டன.